அசாம் ஜாவாவில் ஒன்றரை ஏக்கர்

செய்தி வந்தபோது மத்தியானம் இரண்டரை மணி. மலேசியாவில் ராவாங் ஊரில் ஒரு கையுறை ஆலையில் லீலாவதி பெட்டிகளில் கையுறை அடுக்கிக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் வந்து, ஆபீசில் போன் என்றாள். மறுமுனையில் தம்பி பாலன்.

"அக்கா, அப்பா போயிட்டாரு."

"சரி" என்றாள் லீலாவதி. திரும்பி வந்து, பாதியில் விட்ட பெட்டியை நிரப்பி ஒட்டி வைத்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

அப்பா சன்னாசி புக்கிட் ரோத்தான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். சேமநிதி கைக்கு வந்ததும் தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, அசாம் ஜாவா என்ற ஊரில் ஒன்றரை ஏக்கர் தென்னை நிலம் வாங்கி, அதிலேயே பலகை வீடு கட்டிக்கொண்டார். அம்மா பல வருடம் முன்பே இறந்துவிட்டாள். அப்போது பாலனுக்கு நான்கு வயது. அவனுக்குச் சோறு ஊட்டி வளர்த்தவள் லீலாவதிதான். பிள்ளைகள் என்று அவருக்கு இவர்கள் இருவர் மட்டுமே.

பதினாறாம் நாள் கருமாதியில் பாலனுக்கு அவன் மாமனார் உருமால் கட்டினார். அப்பாவின் இடத்துக்கு இனி அவன். லீலாவதிக்குப் பிறந்த வீட்டுச் சேலை ஒன்றைத் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டாள். மகளின் பங்கு அத்தோடு முடிந்தது என்பது வழக்கம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. அழுவாள் என்று எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழுகை வரவில்லை.

சில மாதம் கழித்து, நிலத்தைப் பாலன் பெயருக்கு மாற்றுவதற்காக கோல சிலாங்கூர் நில அலுவலகத்தில் விசாரணை வைத்தார்கள். பஸ் நிலையத்துக்குப் பாலனே மோட்டார் சைக்கிளில் வந்து அவளை ஏற்றிக்கொண்டான்.

"ஆபீசர் மலாயில கேப்பாரு. 'தாக் மாவ்', வேணாம்னு சொல்லிடு. ரெண்டே வார்த்தைக்கா."

"தெரியும்டா."

"நீ தலைய ஆட்டினா ஆமாவா இல்லையான்னு அப்பாவுக்கே வெளங்காது. வாயத் தொறந்து சொல்லு லா."

அவள் சிரித்துவிட்டாள். அப்பா போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

ஆபீசர் கோப்பைப் புரட்டினார். சன்னாசியின் மகளா என்று கேட்டார். ஆமாம் என்றாள். மகனுக்கும் மகளுக்கும் சட்டம் சரிபாதி தருகிறது, உங்கள் பாதி உங்களுக்கு வேண்டுமா, தம்பிக்கு விட்டுக்கொடுக்கிறீர்களா என்றார்.

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு எல்லோரும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வேண்டுமா என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. பஸ்ஸில் வரும்போது சொல்லிச் சொல்லிப் பார்த்த வார்த்தைதான். இப்போது அதைச் சொன்னால், தான் அப்பாவுக்குப் பிறக்கவே இல்லை என்று கையெழுத்துப் போடுவதுபோல இருந்தது.

"மாவ்" என்றாள். வேண்டும்.

ஆபீசர் மறுபடி கேட்டார். அவள் மறுபடியும் அதையே சொன்னாள்.

வெளியே வந்ததும் பாலன், "என்னக்கா பண்ணிட்ட? மாமா சொல்லிக் குடுத்தாரா?" என்றான்.

மாமா என்றது அவள் கணவன் தங்கராஜுவை. "அவருக்கே இனிமேதான் சொல்லணும்."

"சேலய வாங்குனியே?"

"வாங்குனேன். அப்பா செத்ததுக்கு."

"அப்ப நெலம்?"

"அதுவும் அப்பாவுதுதானடா."

"ஒனக்குத் தம்பி வேணாமா?"

"அத ஆபீசர் கேக்கலியே, பாலா."

குத்தலாகச் சொல்லவில்லை. கேட்கவில்லை என்பதைத்தான் சொன்னாள். அவன் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அவள் பஸ் நிலையத்துக்கு நடந்தாள். ஜெயித்ததாகவும் தோன்றவில்லை, தப்பு செய்ததாகவும் தோன்றவில்லை.

ஒன்றரை ஏக்கரை இரண்டாக வெட்டிப் பதிய முடியாது, அவ்வளவு சிறிய துண்டுக்குச் சட்டத்தில் இடமில்லை என்றார்கள். அதனால் கிராண்ட் என்கிற ஒரே நிலப்பட்டாவில் இரண்டு பெயரும் ஏறின. மாதத்தில் ஒரு ஞாயிறு அவள் அசாம் ஜாவாவுக்குப் போவாள். அவள் தலை தெரிந்ததும் பாலன் வீட்டுக்குள் போய்விடுவான். சட்டம் வெட்டாத நிலத்தை அவனே வெட்டிக்கொண்டான். நிலத்தின் மத்தியில் நின்ற நடுமரம் வரைதான் தேங்காய் பறித்தான், அதுவரைதான் புல்லும் வெட்டினான்.

மழைக்காலத்துக்கு முன்னால், நிலத்தின் நீளத்துக்கும் ஓடும் வாய்க்காலை நடுமரம் வரை தூர்வாரிவிட்டு நிறுத்தினான். அதற்கப்பால் தண்ணீர் போக வழியில்லாமல் அவள் பக்கத்துத் தென்னைகளின் அடியில் தேங்கியது. ஒரு ஞாயிறு லீலாவதி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்வெட்டியோடு இறங்கி, நாலைந்து முழம் வாரினாள். மழை பிடித்துக்கொண்டது. கரை ஏறிவிட்டாள். மீதி வாய்க்கால் இன்னும் தூர்வாரப்படவில்லை.