அப்பளக் கம்பெனிக்கு லைசென்ஸ்

எழுபதுகளின் கடைசியில் விளாங்குடியில், வாடகை வீட்டின் பின்கட்டில் நானும் என் மனைவியும் அப்பளம் போட்டு விற்றோம். தேய்க்க ஆறு பெண்கள் வந்தார்கள். தின்பண்டம் தயாரிக்கும் இடம் என்பதால் வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டணம் கட்ட வேண்டும். கட்டணம் பெரிதில்லை. கட்டிய பிறகு, இடம் சுத்தமாக இருக்கிறது என்று சுகாதார இன்ஸ்பெக்டர் எழுதித் தரவேண்டுமே, அதுதான் பெரும்பாடு.

அந்த வருஷம் வந்தவர் புதியவர். வாய் நிறைய வெற்றிலை. மோட்டார் சைக்கிளை நிறுத்தியதும் எங்கள் சுவரிலேயே துப்பினார். நான் பார்க்காததுபோல நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. செருப்புக் காலோடு நேரே பின்கட்டுக்குள் போனார். வேலைக்கு வரும் பெண்கள் கால் கழுவாமல் அங்கே நுழைய முடியாது. அது என் மனைவி போட்ட சட்டம்.

அன்று இடித்த உளுந்து மாவு தாம்பாளத்தில் ஈரத்துணி போட்டு மூடியிருந்தது. அவர் துணியை விலக்கினார். சுண்ணாம்பு ஒட்டிய விரலால் ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டார். விரலை நக்கினார். அதே கையை மறுபடியும் மாவில் வைத்து அமுக்கிப் பார்த்தார்.

“உப்புக் கம்மியா இருக்கேம்மா.”

என் மனைவி எழுந்தாள். தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு போய், கொல்லையில் வீட்டுக்காரர் கட்டியிருந்த எருமையின் தொட்டியில் மொத்தத்தையும் தள்ளிவிட்டு வந்தாள்.

“ஏம்மா, அம்புட்டையும் கொட்டிட்ட?”

“எச்சிக் கை பட்ட மாவ எப்படி சார் விக்கிறது? சுத்தம் பாக்கத்தானே வந்திருக்கீக?”

அப்பளம் தேய்த்துக்கொண்டிருந்த ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துவிட்டாள். அவர் முகம் கறுத்துப் போனது. இரண்டு வாரத்தில் தபால் வந்தது. ஈ மொய்க்கிறதாம், சாக்கடை சரியில்லையாம். லைசென்ஸ் கிடையாது.

தல்லாகுளத்து ஆபீசுக்கு ஓடினேன். எனக்கு முன்னால் நின்ற காராபூந்திக் கடைக்காரரின் எண்ணெய்ச் சட்டியை நான் நேரில் பார்த்திருக்கிறேன், தார் தோற்றுப்போகும். அவர் லைசென்ஸைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். ஆபீஸ் கிளார்க் என்னை டீக்கடைக்குத் தள்ளிக்கொண்டு போய், “அண்ணே, சாரப் போய் வீட்டுல பாருங்க,” என்றார்.

பார்த்தேன். நான் நீட்டிய கவரை அவர் வாங்கி விசிறிக்கொண்டே, “நம்ம பிள்ளைகளுக்கு அப்பளம்னா உசுரு,” என்றார். “மாசாமாசம் கொண்டு வாரேன் சார்,” என்று சிரித்தேன். கையெடுத்துக் கும்பிட்டேன்.

நாலாம் நாள் லைசென்ஸ் வந்தது. கூடவே ஆய்வுக் குறிப்பு: ‘இடம் மிகவும் சுகாதாரமாக உள்ளது.’

என் மனைவி வாங்கிப் படித்தாள். “அவரு திரும்ப வந்து பாத்தாரா?”

“இல்ல.”

அவளுக்குப் புரிந்துவிட்டது. “ஆறு பேருக்கு முன்னாடி என்னய மடச்சியாக்கிட்டீகளே,” என்றாள். “ஒண்ணு சொல்றேன். எங்க கையால போட்ட அப்பளம் ஒண்ணுகூட அந்த ஆளு வீட்டுக்குப் போகக் கூடாது.”

போகவில்லை. காளவாசலில் ஒரு கடையில் வேறு யாரோ போட்ட அப்பளத்தை வாங்கி, மாசாமாசம் அவர் வீட்டில் கொடுத்துவந்தேன். ‘உங்க அப்பளம் அருமை’ என்று அவர் சம்சாரம் சொல்லும்போதெல்லாம் தலையாட்டினேன். அப்பளம் போடுகிறவன் அடுத்தவன் அப்பளத்தை மறைத்து எடுத்துக்கொண்டு போவதைவிட அசிங்கம் வேறென்ன?

மறுவருஷம் கட்டண ரசீதோடு என் மனைவியே ஆபீசுக்குப் போனாள். வாசல் பெஞ்சில் பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரை உட்கார்ந்தாள். மூன்று நாள் யாரும் ஏனென்று கேட்கவில்லை. நாலாம் நாள் மேலதிகாரி ஒருவர் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். “வேற யாரையாச்சும் அனுப்பிப் பாருங்க சார். அழுக்கா இருந்தா நானே மூடிடறேன்,” என்றிருக்கிறாள். வேறொருவர் வந்தார், வாசலில் செருப்பைக் கழற்றினார், பார்த்து எழுதிக்கொண்டு போனார். அந்த வாரமே லைசென்ஸ் வந்தது.

பஸ் சார்ஜைத் தவிர அவளுக்கு ஒரு செலவும் இல்லை. நான் அந்தப் பெஞ்சில் ஒரு மத்தியானம்கூட உட்கார்ந்து பார்க்கவில்லை.