பெயர் சொல்லிப் பேசிய கேசட்

பழைய டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு கேசட் கிடக்கிறது. அதன் மேல் ஒட்டிய வெள்ளைத் தாளில், நீல மையில், என் பெயர். எழுத்து முத்து முத்தாக இருக்கும். எழுதியவர் நான் வேலை பார்த்த நூல் மில்லின் நல அலுவலர். இன்று வரை நான் அதைப் போட்டுக் கேட்டதில்லை. தூக்கி எறியவும் இல்லை. அந்த மனிதர் மேல் உள்ள கோபம் வயதாகித் தணிந்துவிடக் கூடாதே என்றுதான் வைத்திருக்கிறேன்.

தொண்ணூறுகளில் அந்த மில் தாமிரபரணியை ஒட்டி இருந்தது. திருச்செந்தூர் போகிற ரயில் அதன் மதிலை உரசுவதுபோலப் போகும். நூலைக் கோனில் சுற்றும் வைண்டிங் பிரிவில் நாங்கள் எல்லாரும் பெண்கள். மத்தியானச் சங்கு ஊதியதும் கேன்டீனின் மேற்கு மூலையில் வட்டமாக உட்காருவோம். நடுவில் ஒரு முழு வாழையிலை. எல்லாருடைய தூக்குச்சட்டியும் அதில்தான் கவிழும். புளிச்சோறு, கத்திரிக்காய்க் கூட்டு, துவையல், அவித்த முட்டை, எல்லாம் அருகருகே விழுந்து கலந்துவிடும். அப்புறம் எது யார் வீட்டுச் சோறு என்று கிடையாது. இந்தப் பழக்கத்தை யார் ஆரம்பித்து வைத்தார்களோ, நான் வேலைக்குச் சேரும்போதே இருந்தது.

எனக்கு இடது பக்கம் உட்காருகிறவள் ஸ்ரீவைகுண்டத்து அக்கா. புருஷன் படுத்த படுக்கை, இரண்டு பிள்ளைகள், இவள் ஒருத்தி சம்பாத்தியம். அவள் சட்டியில் பிழிந்த பழைய சோறு கொஞ்சம் இருக்கும். சில நாள் அதுவும் இருக்காது. இருந்தாலும் இல்லாவிட்டாலும் சட்டியை இலை மேல் சாய்த்து அடியில் ஒரு தட்டுத் தட்டுவாள். என்ன விழுந்தது என்று எவளும் குனிந்து பார்க்க மாட்டாள். எங்கள் கைகளோடு அவள் கையும் இலைக்குப் போகும். ஒரு நாளைக்கு அவள் வயிறு நிறைவது அந்த ஒரு வேளைதான் என்று எங்களுக்குத் தெரியும். தெரியும் என்பதை அவளிடம் காட்டிக்கொள்ளாமல் இருந்தோம்.

நல அலுவலர் சென்னையிலிருந்து வந்தவர். வானொலியில் செய்தி வாசிக்கிறவர் போலக் கணீரென்ற குரல். அந்தக் குரலில் அவருக்கே ஒரு மயக்கம் உண்டு. தொழிலாளர்கள் நல்ல சாப்பாடு சாப்பிட்டால் லீவு குறையும் என்று நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்லி, அதற்கொரு திட்டம் போட்டார். ஒவ்வொருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்கார வைத்து, டீ வரவழைத்து, வீட்டில் என்ன சமையல், யார் எதைச் சாப்பிடுவார்கள் என்று விசாரித்தார். ‘சாப்பிட்டாயா’ என்று ஒரு அதிகாரி கேட்டு அதுவரை நாங்கள் கண்டதில்லை. எல்லாரும் மனசு இளகி எல்லாவற்றையும் சொன்னோம். அக்காவும் சொன்னாள்.

பொதுவாகச் சொன்னால் யார் காதிலும் ஏறாது, பெயர் சொல்லிச் சொன்னால்தான் உறைக்கும் என்பது அவர் கட்சி. ஆளுக்கொரு கேசட் பதிவு செய்தார். சினிமாப் பாட்டுப் போடும் கேன்டீன் ஸ்பீக்கரில் மத்தியானச் சாப்பாட்டின்போது அவை ஓடின. முதல் நாள் ஃபிட்டர் அண்ணாச்சிக்கு. ஷிஃப்ட் முடிந்து போகிற வழியில் அவர் தின்னும் அல்வாவைக் குறைக்க வேண்டும் என்று ஸ்பீக்கர் கேட்டுக்கொண்டது. “ஏலே, எவம்லே இதப் போட்டுக்குடுத்தது?” என்று அண்ணாச்சி எழுந்து நிற்க, கேன்டீனே சிரித்தது. அதிகாரியிடம் சொன்னது அண்ணாச்சியேதான். நானும் சிரித்தேன். ‘உணவை நிதானமாக, நன்றாக மென்று உண்ணுங்கள்’ என்று அந்தக் குரல் முடிப்பதற்குள் சங்கு ஊதிவிடும். நாங்கள் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவோம். சாப்பாட்டு நேரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள் என்று நிர்வாகத்திடம் கேட்க மட்டும் அந்தக் கணீர்க் குரல் எழும்பவில்லை.

பிறகு அக்காவின் முறை வந்தது. அவள் பெயரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, ‘பிள்ளைகளுக்கு முட்டை கொடுத்துவிட்டு நீங்கள் வெறும் பழைய சோறு உண்கிறீர்கள். சில நாள் அதுவும் இல்லாமல் வருகிறீர்கள். உங்கள் உடம்பையும் கவனியுங்கள் சகோதரி’ என்றது ஸ்பீக்கர். அவள் கை இலை மேல் அப்படியே நின்றது. எதிரே இருந்த சின்னப் பெண் ஒருத்தி, பாவம், நல்ல மனசோடுதான், தன் முட்டையை எடுத்து நீட்டி, “யக்கா, இந்தாங்க, நீங்க சாப்பிடுங்க” என்றாள். அதோடு முடிந்தது. அத்தனை நாள் எங்களில் ஒருத்தியாகச் சாப்பிட்டவளை, எங்களிடம் வாங்கிச் சாப்பிடுகிறவளாக அந்தக் கேசட் ஆக்கிவிட்டது.

மறுநாளிலிருந்து அவள் வட்டத்துக்கு வரவில்லை. குழாயடியில் தனியாக நின்று தண்ணீர் குடிப்பாள். போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். “எனக்குப் பசிக்கலட்டி, நீ போய்ச் சாப்பிடு” என்றாள். மெஷின் பக்கத்தில் நிற்கும்போது அவள் கால் தள்ளாடுவதைப் பார்த்துவிட்டு நேரே நல அலுவலர் அறைக்குப் போனேன்.

“அவ வீட்டுச் சோத்த ஊருக்கே சொல்லிட்டியளே சார். இப்ப அவ பட்டினியால்லா கெடக்கா” என்றேன்.

அவர் சிரித்தார். “நல்லதுக்குத்தானம்மா சொன்னேன். பாருங்க, அவங்க மாறிக்கிட்டு வர்றாங்க” என்றார்.

மாறியதை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பது அந்த வாரமே தெரிந்தது. ஸ்பீக்கர் மறுபடியும் அக்கா பெயரைச் சொன்னது. அவர் கேன்டீனில் சுற்றி வந்தபோது அவளிடம் பழைய சோறு இல்லையாம். ‘பழைய சோற்றை அறவே விட்டுவிட்ட நம் சகோதரிக்குப் பாராட்டுகள்’ என்று சொல்லி, கைதட்டல் சத்தமும் சேர்த்திருந்தார். சாப்பாட்டையே விட்டுவிட்டவளுக்குக் கைதட்டல்! நான் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினேன். திரும்பிப் பார்த்தால் அக்கா சட்டியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். “வாரேம்ட்டி” என்றாள். பைய நடந்து கேட்டைத் தாண்டிப் போனாள். அதற்குப் பிறகு வரவில்லை. அவளுக்கு வேலை நிரந்தரமாகும் நேரம் அது. ஊரில் வாழைத்தார் சுமக்கப் போகிறாள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

எங்கள் இலையும் அதோடு போயிற்று. அடுத்த கேசட் தன்னைப் பற்றியதோ என்ற பயத்தில் அவரவர் சட்டியை அவரவர் மூடியால் மறைத்து, ஆளுக்கொரு பக்கம் திரும்பிச் சாப்பிட்டோம். வயரைப் பிடுங்கியதற்காக நல அலுவலர் என் மேல் நடவடிக்கை எடுக்கவில்லை. எனக்கென்று ஒரு கேசட் பதிவு செய்து, கையில் கொடுத்தார். கோபம் ரத்தக் கொதிப்பைக் கூட்டுமாம், அதைப் பற்றிப் பேசியிருக்கிறாராம். அவர் நல்லவர் என்று இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. சொல்லட்டும். பசியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு ஊரைக் கூட்டி ஒலிபரப்பியவரை நான் மன்னிக்கவில்லை.

இப்போது என் மகன் வேலை பார்க்கும் கம்பெனி, ஊழியர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் ஒரு செயலியைக் கொடுத்திருக்கிறது. மத்தியானமானால் கைபேசி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. போன வாரம், பழைய சோறு குடலுக்கு மிகவும் நல்லது என்று எனக்குப் பாடம் நடத்தியது. “எவ்வளவு அக்கறையாப் பேசுது பாரும்மா” என்கிறான் மகன். இன்றும் கூப்பிட்டு, ‘இன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள்?’ என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது. அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். கேசட் இருந்தது. அந்த இலையைச் சுற்றி உட்கார்ந்த அத்தனை வருஷத்தில் எங்களில் ஒருத்திகூட இன்னொருத்தியைப் பார்த்து, “இன்னைக்கு என்னட்டி கொண்டாந்தே?” என்று கேட்டதில்லை.