கார்டு வரும்வரை

என் மகளின் இடது காதுக்கு மேலே, கட்டைவிரல் அகலத்துக்கு முடி முளைக்காத இடம் ஒன்று இருக்கிறது. பள்ளிக்கு அனுப்பத் தலை வாரும்போது பக்கத்து முடியை இழுத்து அதை மூடித்தான் பின்னல் போடுகிறேன். தினமும் அந்த நேரத்தில் எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்று கேட்டால் வரிசையாகச் சொல்லுவேன். வரிசையின் கடைசியில் நானும் நிற்கிறேன். சில நாட்களில் முதல் ஆளாகவே நிற்கிறேன்.

அவளுக்கு ஒன்றேகால் வயதானபோது என் கணவருக்கு பெங்களூரில் ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் மூன்று மாதப் பயிற்சி கிடைத்தது. சித்திரை பிறந்ததும் குழந்தையோடு புறப்பட்டோம். எல்லையோரம் இருக்கும் எங்கள் ஜூஜுவாடிக்காரர்களுக்கு பெங்களூர் பெரிய தூரமில்லை. காலையில் காய்கறி மூட்டையோடு போய்ச் சாயங்காலம் திரும்பிவிடுவார்கள். ஆனால் நான் கிருஷ்ணகிரியில் பிறந்து, அங்கேயே எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, கல்யாணமாகி ஜூஜுவாடிக்கு வந்தவள். எல்லைக்கு அந்தப் பக்கம் எனக்கு வேறு ராஜ்யம், வேறு எழுத்து. கடைப் பலகை ஒன்றைப் படிக்கத் தெரியாமல் நின்றது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ஆறு குடித்தனங்களுக்கு நடுவே எங்களுக்கு ஒரே அறை. அவர் ஏழு மணிச் சங்குக்குக் கிளம்பிப் போனதும், சோற்றை வடித்து வைத்துவிட்டு நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். மாமனார் வீட்டில் வாசல் தாண்ட மூன்று பேரிடம் சொல்ல வேண்டும். அங்கே கேட்க ஆளில்லை. முதல் வாரம் தெருமுனை வரை, அடுத்த வாரம் மார்க்கெட் வரை, பிறகு லால்பாக். அந்தக் கண்ணாடி மாளிகையைச் சுற்றி எத்தனை முறை நடந்தேனோ. ஒரு நாள் தப்பான பஸ்ஸில் ஏறி, தண்டு என்று சொல்லும் கன்டோன்மென்ட் பக்கம் இறங்கி அழுதுகொண்டு நின்றேன். அங்கே தெருவெல்லாம் தமிழ் கேட்டது. அழுகையை நிறுத்திவிட்டு ஒரு காபி வாங்கிக் குடித்தேன், தனியாக, நின்றுகொண்டு. சரியா தப்பா என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன். மறுநாளும் போனேன்.

குழந்தையின் தலைமுடி அப்போது கழுத்து வரை வளர்ந்து கண்ணில் விழும். முதல் மொட்டை இன்னும் ஆகவில்லை. எங்களில் முதல் முடியைக் குலதெய்வத்துக்குத்தான் கொடுக்க வேண்டும், தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் எடுக்க வேண்டும். தாய்மாமனை வெற்றிலை பாக்குத் தட்டோடு நேரில் போய் அழைப்பது முறை. அறுவடை நேரம் என்று மாமனார் என் அண்ணனுக்கு ஒரு கார்டு போட்டு அழைத்துவிட்டார். கிருஷ்ணகிரியிலிருந்து அண்ணன் என்னிடம் சொல்லியனுப்பியது இது: “சந்தையில மாடு வாங்கறதுன்னாகூட நேர்ல வர்றாங்க. மாமனைக் கூப்பிட முக்காலணா கார்டாம்.” அவன் வரவில்லை. மாமனாரும் மறுபடி அழைக்கவில்லை. ஒரு வயதுக்குள் ஆகியிருக்க வேண்டியது தவறிப்போயிற்று. இரட்டை வயதில் எடுக்கக் கூடாது என்பதால் இனி மூன்றாம் வயதில்தான். இரண்டு ஆண்களின் ரோஷம் என் குழந்தையின் தலையில் முடியாக வளர்ந்துகொண்டிருந்தது.

வைகாசி வெயிலில் அந்த முடிக்குள் வேனல் கட்டிகள் வந்தன. முதலில் இரண்டு, பிறகு ஏழெட்டு. சீழும் முடியும் சேர்ந்து ஒட்டிக்கொண்டன. காதுக்கு மேலே இருந்தது எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கிற்று. குழந்தை அந்தப் பக்கம் தலை வைக்க முடியாமல் என் தோளிலேயே தூங்கினாள்.

“முடிய எடுத்துட்டு மருந்து போடணும்னு பக்கத்து வீட்டம்மா சொல்றாங்க,” என்றேன்.

“அப்பாவ ஒரு வார்த்த கேட்டுக்கலாம்,” என்றார் அவர்.

“சீழ் வடியுதுங்க.”

“அதுக்குத்தான சொல்றேன், இன்னைக்கே கார்டு போட்டுடறேன்.”

போட்டார். நான் காத்திருந்தேன். இதை நினைத்துத்தான் என்னால் ஆறவே முடியவில்லை. என்னைக் கட்டி வைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் எனக்குத் தெரியும். ஊர் முழுக்கச் சுற்றத் தெரிந்தவள், ஒரு அட்டைத் துண்டுக்காகப் பன்னிரண்டு நாள் வேப்பிலை அரைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாமி குற்றம் ஆகிவிட்டால் என்ன செய்வது என்று ஒரு மனம்; மாமனார் என்ன சொல்வாரோ என்று இன்னொரு மனம். குழந்தையின் பக்கம் பேச எனக்கு மூன்றாவது மனம் இருந்ததா என்று இன்றும் தெரியவில்லை.

பதிமூன்றாம் நாள் பதில் வந்தது. “பூசாரியைக் கேட்டேன். நேர்ந்த முடியில் கத்தி படக்கூடாது. வேப்பிலை போடவும்.” அவ்வளவுதான். அவர் அதைப் படித்துவிட்டு, “அப்பாவே சொல்லிட்டாரு,” என்று சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். குழந்தைக்குக் காய்ச்சல் கொதித்தது. நான் கார்டை அடுப்பில் போட்டேன். பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் இருந்த நர்ஸ் தமிழ்க்காரி. குழந்தையின் தலையைப் பார்த்ததும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தாள்.

“ஏம்மா, படிச்ச பொண்ணாட்டம் இருக்கற. எத்தன நாளா இப்படி?”

“ரெண்டு வாரங்க.”

“ரெண்டு வாரமா என்ன பண்ணிட்டிருந்த, பூ வச்சுப் பாத்தியா?”

ஊரிலிருந்து பதில் வரக் காத்திருந்தேன் என்று சொன்னேன். அவள் கத்தரியை எடுத்துக்கொண்டே சிரித்தாள். “நல்லா இருக்கு. கட்டி எங்க இருக்குது, பதில் எங்க இருந்து வருது பாரு.” முடியை எடுத்து, கட்டிகளைக் கீறிச் சுத்தம் செய்து, தலை முழுக்க ஊதா மருந்து பூசினார்கள். நான் கீழே விழுந்த முடியைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். அதையும் அவள் பார்த்தாள். “முடிய மட்டும் பத்திரமா எடுத்துக்கோ. காதுக்கு மேல இருக்கறது ஆழமாப் போயிடுச்சு, அந்த எடத்துல இனிமே மொளைக்காது. முன்னாலயே வந்திருந்தா தழும்புகூட நின்னிருக்காது.”

என் கணவர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள், நான் கேட்காமலேயே மருந்தையும் பஞ்சையும் எடுத்துத் தானே பூசினார். அவர் கெட்டவர் இல்லை. அதனால் என் கோபம் குறையவில்லை.

மீதி நாட்களிலும் ஊதாத் தலைக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றினேன். ஆனால் பழைய மாதிரி இல்லை. எந்தத் தெருவில் நடந்தாலும் மனம் அந்தப் பன்னிரண்டு நாளுக்குத் திரும்பிப் போயிற்று.

ஆனியில் ஊர் திரும்பினோம். மதுவிலக்குக் காலம், எல்லையில் போலீஸ்காரர் பஸ்ஸை நிறுத்தி மூட்டைகளைக் கிளறினார். மருந்து பாட்டிலை முகர்ந்து பார்த்தார். பிஸ்கட் டப்பாவைக் குலுக்கிப் பார்த்துத் திறந்தார். உள்ளே குழந்தையின் முடி.

“என்னாம்மா இது?”

“சாமிக்கு நேர்ந்ததுங்க.”

பட்டென்று மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். ஊதா மருந்து பூசிய தலை அவர் கண்ணெதிரில்தான் இருந்தது. அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டில் மாமனார் கேட்டது ஒரே கேள்வி. “யாரக் கேட்டு எடுத்த?” ‘புண்ணைக் கேட்டு’ என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பதில் எனக்கு இரண்டு நாள் கழித்து, துணி துவைக்கும்போதுதான் தோன்றியது. அப்போது தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

சாமி கோபித்துக்கொள்ளும் என்ற பயம் வந்ததும் மாமனார் செய்ததைக் கேளுங்கள். தை மாதம், குழந்தைக்கு மூன்றாம் வயது தொடங்கியதும், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து எடுத்துக்கொண்டு அவரே கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறினார். போய்வர அரை நாள்கூட ஆகவில்லை. அண்ணன் மறுபேச்சில்லாமல் வந்தான். கோயிலில் அவன் மடியில் குழந்தையை உட்காரவைத்தார்கள். டப்பாவில் இருந்த பழைய முடியையும் சாமி முன்னால் வைத்தார்கள். கத்தியை ஓட்டிக்கொண்டே வந்த நாவிதர் காதுக்கு மேலே வந்ததும் நிறுத்தினார்.

“இந்த எடத்துல கத்திக்கு வேலையே இல்லீங்களே.”

“அது அம்மன் போட்ட அடையாளம்பா. தனக்குச் சேர வேண்டியத அவளே எடுத்துக்கிட்டா,” என்றார் மாமனார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். அண்ணனும் ஆட்டினான். நானும் கை கூப்பிக்கொண்டு நின்றேன்.

போன வாரம் பின்னல் போடும்போது என் மகள் அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். “அம்மா, இது சாமி வச்ச அடையாளமாமே. தாத்தா சொன்னாரு.”

மாமனார் வெளியே வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டிருந்தார். ஜன்னல் திறந்திருந்தது, பேசினால் அவர் காதில் விழும். எனக்குத் தெரியும்.

“இல்ல கண்ணு,” என்றேன். “சாமி வைக்கல. நாங்க வச்சது. உனக்குக் கட்டி வந்துச்சு, அம்மா உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகல.”

“ஏன் போகல?”

“தாத்தாவோட கார்டு வரட்டும்னு உக்காந்திருந்தேன்.”

வெளியே குச்சியின் சத்தம் நின்றது. பின்னல் கோணலாகிவிட்டது, அவிழ்த்து முதலிலிருந்து போட்டேன். இந்தத் தடவை முடியை இழுத்து அந்த இடத்தை மூடவில்லை.