நினைவுக்கல் முன்னால் சொன்ன ‘சிரிங்க’

இந்த வாரம் முழுக்க எனக்கு விசேஷ வீடுகளில் போட்டோ எடுக்கும் வேலைதான். வீராம்பட்டினத்தில் ஒரு கல்யாணம், தேங்காய்த்திட்டில் ஒன்று, நடுவில் ஒரு வளைகாப்பு. "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டிவிட்டது.

இன்றைக்கு வேறு மாதிரி வேலை. அரியாங்குப்பம் செல்வி அக்காவின் கணவர் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து, பணியிலேயே இறந்தவர். அவர் வேலை பார்த்த தளத்தில் நினைவுக்கல் வைத்து அவர் பெயரையும் பொறித்திருந்தார்கள். படம் எடுக்க அக்கா என்னையும் அழைத்துப் போனார்.

வாசலிலேயே என் கேமராவை வாங்கி வைத்துவிட்டார்கள்.

"உள்ள எங்க ஆளே எடுப்பாரு" என்றார் காவலர்.

அக்கா மலர்வளையம் வைத்துவிட்டுக் கல்லருகே நின்றார். அதிகாரிகள் விறைப்பாக நின்றார்கள். வரிசையின் கடைசியில் வெறுங்கையோடு நான். அவர்களுடைய போட்டோகிராபர் கேமராவைத் தூக்கியதும் என் வாய் சத்தமாகச் சொன்னது:

"அக்கா, கொஞ்சம் சிரிங்க."

அத்தனை தொப்பிகளும் என் பக்கம் திரும்பின.

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறிப்போனேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது காரில் மன்னிப்புக் கேட்டேன்.

"வுடு தம்பி. அவரு போனதுல இருந்து எல்லாரும் அழாத, அழாதன்னுதான் சொல்றாங்க. சிரின்னு சொன்ன மொத ஆளு நீதான்."

சற்றுமுன் படம் வாட்ஸப்பில் வந்தது. கல், அவர் பெயர், சிரிப்பை அடக்க முடியாத அக்கா. ஓரத்தில் பேயறைந்த முகத்தோடு நான்.

அதைப் பெரிதாக ஃபிரேம் போட்டுத் தரச் சொல்கிறார் அக்கா. என்னை வெட்டிவிடவா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.