தாலி கட்டாத கல்யாண வீடியோ

எட்டாம் வகுப்போடு ஊர் சுற்றக் கிளம்பிய எனக்கு, மதுரையில்தான் கல்யாண வீடியோ எடுக்கும் வேலை நிலைத்தது. சமயநல்லூர்க் கல்யாணமொன்றில் பட்டனை மாற்றி அழுத்திவிட்டேன். தாலி கட்டும்போது கேமரா ஓடவில்லை. முடிந்ததென்று மேடையில் இறக்கிவைத்த பிறகு ஓடியிருக்கிறது.

அடிவாங்கத் தயாராகவே பெண் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லி, பதிவானதைப் போட்டேன். திரையில் நான்கு வெறுங்கால்கள். மாப்பிள்ளையின் கால் நடுங்க, மருதாணிக் கால் ஒன்று அதை மெல்ல மிதித்தது. கூடவே மணமக்களின் கிசுகிசுப்பும் பதிவாகியிருந்தது.

"கட்டியாச்சுல்ல, இன்னும் எதுக்கு இம்புட்டு நடுக்கம்?"

"இனிமேத்தானே பயமே!"

வீடே சிரித்தது. பெண்ணின் அப்பா மட்டும் என்னை முறைத்தார்.

"அப்பா, தாலி கட்டுனத ஊரே பாத்துச்சு. இத யாரு பாத்தா?" என்ற மணப்பெண் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, இன்னொருக்கா போடுங்க."

மூன்றாம் முறை போட்டபோது அப்பாவும் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து, சடங்கு முடிந்ததும் கேமராவை அணைக்க எனக்குக் கை வருவதில்லை.