எத்தனை மாடு என்று கேட்ட கூட்டம்

எழுபதுகளின் நடுப்பகுதியில் கங்காரு நாட்டுப் பரமட்டாவில் ஒரு சின்னப் பயணக் கந்தோரில் வேலை செய்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவனுக்கு அது பெரிய உத்தியோகம்தான். கார் ஓட்டுவது, தேத்தண்ணி ஊற்றுவது, கூட்டம் வைத்தால் சுவரில் சிலைட் படம் காட்டுவது. மிச்ச நேரமெல்லாம் கவலைப்படுவது. அதற்குச் சம்பளம் இல்லை.

அந்த வருசம் முதலாளியம்மா கென்யாவுக்கு ஒரு புதுப் பயணம் போட்டா. சிங்கம் பார்க்கிற பயணமில்லை. மாடு வளர்க்கிற ஒரு ஊரில் தங்கி, விடிய எழும்பிப் பட்டி திறந்து, அவர்களோடு மேய்ச்சலுக்குப் போய், பால் குடித்துவிட்டு வருகிற பயணம். விருந்தாளிகளுக்கென்று ஊராரே குடிசைகள் கட்டி வைத்திருந்தார்கள். அதைப் பற்றிச் சொல்ல அங்கிருந்து ஒருவர் வந்திருந்தார். என் வயதுதான், ஆனால் நெடுநெடுவென்று பனை உயரம். குளிருக்கு என் கம்பளிச் சட்டையைக் கொடுத்தேன். கை முழங்கையோடு நின்றுவிட்டது.

கூட்டம் நடக்கிற மண்டபத்துக்குப் போகிற வழியில் காரில் சொன்னார்: "குடிசை கட்டி ரெண்டு மாரி போயிட்டுது. ஒருத்தரும் வரேல்லை. இந்த முறையும் வெறுங்கையோடை போனால் எங்கடை பெடியள் காவல்காரன் வேலைக்கு நைரோபிக்கு ஓடிடுவாங்கள்." சொன்னது இங்கிலீசில். என் காதில் விழுந்தது இப்படித்தான்.

முதலாளியம்மாவும் வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லியிருந்தா. இன்றைக்குப் பத்துப் பேராவது பெயர் கொடுக்காவிட்டால் பயணம் இல்லை.

பல்பு எரிந்து போகுமோ, மாடுகள் தலைகீழாய்த் தொங்குமோ என்று நான் வேர்த்துக்கொண்டே படம் காட்டினேன். ஒன்றும் பிழையாகவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

படம் முடிந்ததும் முன்வரிசைக் கிழவர் ஒருவர், பால் பண்ணை வைத்திருந்தவராம், கையை உயர்த்தினார்.

"உங்களிட்டை எத்தனை மாடு நிக்குது?"

வந்தவர் கூரையைப் பார்த்தார். ஊரில் எங்கள் வீட்டுப் பசு எவ்வளவு கறக்கிறது என்று ஆரும் கேட்டால், செம்பு நிரம்பி வழிந்தாலும் அம்மா "ஏதோ கறக்குது" என்றுதான் சொல்லுவா. அப்படி இருக்க, ஒரு பட்டியையே எண்ணிச் சொல்லச் சொன்னால்?

என்னையறியாமல் எழும்பிவிட்டேன். "ஐயா, அதைக் கேட்காதேங்கோ. மாடு செத்துப்போகும்!"

எல்லாத் தலையும் திரும்பியது. பின்வரிசையில் இரண்டு பேர் போவதற்குத் தங்கள் கோட்டுகளை எடுத்தார்கள். முதலாளியம்மா பார்த்த பார்வையில் என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"ஏன் சாகப்போகுது?" என்றார் வந்தவர்.

"எண்ணிச் சொன்னால் கண்பட்டிடும் எண்டு..."

அவர் வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். "என்ரை ஐயாவும் உம்மைப் போலத்தான். கேட்டால் அடிக்கப் பொல்லை எடுப்பார்! ஆனால் நான் யோசிச்சது வேறை. சிநேகிதனிட்டை வளர்க்கக் குடுத்த மாடு என்ரையோ? அவன் என்னட்டை விட்டது ஆரின்ரை?"

கிழவர் தொடையில் தட்டினார். "சரிதான்! நானும் வரிக்காரருக்கு ஒருநாளும் சரியாய்ச் சொன்னதில்லை."

கோட்டு எடுத்தவர்கள் திரும்பக் கதிரையில் இருந்தார்கள்.

"அங்கை வந்தால் காலமை என்னைக் கறக்க விடுவியளோ?" என்று கேட்டார் கிழவர்.

"எங்கடை ஊரிலை கறக்கிறது பொம்பிளையள்."

கிழவருக்குப் பக்கத்தில் இருந்த மனைவி வெடுக்கென்று, "அப்ப நான் வரமாட்டன். நாப்பது வருசம் கறந்தது போதும். அங்கை போயுமோ?" என்றா.

நான் இந்தமுறை வாயைப் பொத்திக்கொண்டேன்.

வந்தவர் அசையவில்லை. "நீங்கள் எங்கடை அம்மாவோடை இருந்து தேத்தண்ணி குடியுங்கோ. இவரைக் கறக்க விடுவம். ஊரே வந்து பார்க்கும்."

மனைவி கிழவரை ஏற இறங்கப் பார்த்தா. "எங்கடை ரெண்டு பேரின்ரை பேரையும் எழுதுங்கோ. இவர் உதை வாங்கிறதை நான் பார்க்கவேணும்."

அதற்குப் பிறகு ஒருவர் பின் ஒருவராக எழும்பி வந்தார்கள். கடைசியாகக் கோட்டுக்காரர்களும். பத்துப் பேருக்கு மேலே போனதும் வந்தவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தோள்மூட்டு கழன்றுவிடும் போலிருந்தது.

கதிரைகளை அடுக்கும்போது முதலாளியம்மா பக்கத்தில் வந்தா. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"அடுத்த கிழமைக் கூட்டத்திலையும் அதே இடத்திலை எழும்பிக் கத்து," என்றா.

அன்றிலிருந்து ஒரு கிழமை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.