டவாலியின் குரல்

கள்ளக்குறிச்சி கோர்ட்டில் முப்பது வருஷம் டவாலியாக இருந்தவர் ஆரோக்கியதாஸ். அவர் வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டால் எதிர் டீக்கடையில் இருக்கிற கட்சிக்காரன் எழுந்து ஓடி வருவான். நடுக்குவாதம் வந்த பிறகு சோற்றை வாய்க்குக் கொண்டுபோவதே பெரும்பாடாகிவிட்டது. போன வருஷம் சென்னையில் மூளைக்குள் கம்பி வைத்து, நெஞ்சுத் தோலுக்கடியில் பேட்டரி பொருத்தினார்கள். கை நடுக்கம் அடங்கியது. ஆனால் குரல் தொண்டைக்குள்ளேயே தங்கிவிட்டது. பார்ப்பவர்கள் எல்லாம் "நல்லாயிட்டீங்க" என்றார்கள். இல்லையென்று சொல்லவும் அவருக்கு அலுப்பாக இருந்தது.

இந்த முறை பரிசோதனையில் டாக்டர், "கரண்ட்டக் கொறைச்சா பேச்சு கொஞ்சம் தெளியும். ஆனா கை மறுபடி ஆடும். எது வேணும்?" என்றார்.

மனைவி ஜூலியா முந்திக்கொண்டாள். "கொறைச்சிடுங்க டாக்டர். சோறு நான் ஊட்டிவிடுறேன். இவரு இன்னா சொல்றாருன்னே தெரியாம கெடக்குறேன்."

ஆரோக்கியதாஸ் அவள் காதருகே குனிந்தார். "ஏழு வருசம் ஊட்டிட்ட. போதும்."

கரண்ட் அப்படியே இருந்தது.

திரும்பும் பஸ்ஸில், "உளுந்தூர்பேட்டையில எறங்கி டீ குடிக்கலாமா?" என்று கேட்டார். ஜூலியா புரிந்ததுபோல் தலையாட்டினாள். புரியவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. இன்னொரு தடவை சொல்லத் தெம்பில்லாமல் கண்ணை மூடிக்கொண்டார்.